மூன்றாம் மாடியில் கழுதை கத்தியது

காலை ஒன்பது மணிக்கே வரிசை மூன்றாம் மாடியிலிருந்து வழிந்து தெருவுக்கு வந்துவிட்டது. நின்றவர்களின் முகத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வரிசை என்றுதான் நினைப்பீர்கள். ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றித் தோளில் சாய்த்திருந்தார். தூறலில் ஓர் அம்மாள் லேப்டாப்புக்குக் குடை பிடித்திருந்தாள். தன் தலை நனைவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. எல்லாருக்கும் ஒரே நோய்: சினிமா டிஸ்க்கைப் போட்டால் படம் ஓடுவதில்லை. எல்லாருக்கும் ஒரே வைத்தியர்: சிப் சாமியார்.

"தொட்டாரு, ஓடுச்சு!" என்று படிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே ஏறினார் ஒரு லாரி டிரைவர். "என் கண்ணால பாத்தேன்யா. கறுப்புத் துணியைப் போட்டு மூடினாரு, என்னமோ முணுமுணுத்தாரு, படம் பளிச்சுன்னு வந்துடுச்சு!"

"அப்புறம் எதுக்கு மறுபடி வந்திருக்கீங்க?"

"வீட்டுக்குப் போனா ஓடலை. யாரோ கண்ணு வெச்சுட்டாங்களாம். சாமிதான் சொன்னாரு."

கேட்டவர் பக்தியோடு தலையாட்டினார். அவர் தொழில், படங்களுக்குக் குரல் கொடுப்பது. தெருவில் அவரைக் குரல்காரர் என்பார்கள். இருபது வருஷமாகக் கூட்டத்தில் "பிடி, பிடி!" என்று கத்துவதும், போனில் "ராங் நம்பர்" என்று சொல்வதுமே அவருக்கு வாய்த்த வேடங்கள். இந்த வருஷம்தான் அதிர்ஷ்டம் அடித்தது. கதாநாயகனுக்கே குரல் கொடுத்தார். கதாநாயகன் ஒரு கழுதை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருகிறார். "மாப்பிள்ளை வாயால பிழைக்கிறாருன்னு வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவரும் மனிதர். அவரை உட்காரவைத்து இந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே குரல்காரர் போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். கடையிலேயே விலை கூடியதாகப் பார்த்து வாங்கினார். டிஸ்க்கைப் போட்டார். திரை கறுத்தது. 'இந்தக் கம்ப்யூட்டருக்கு இந்த டிஸ்க் கேட்கும் பாதுகாப்புத் தகுதி இல்லை' என்று ஒரு வரி மட்டும் வந்தது. இருபது வருஷம் மாமனார் சொன்னதைப் பெட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டது.

சாமியாரின் அறையில் நீல விளக்கு எரிந்தது. சுவரில் பெரிய டிவி, தரையில் வாளி நிறைய உப்பு. சாமியார் போன வருஷம்வரை இதே கட்டடத்தில் போன் கவர் விற்றவர். தாடி ஆறு மாதத்தில் வளர்ந்தது. ஞானம் அதைவிடச் சீக்கிரம் வளர்ந்துவிட்டது.

"எப்ப வாங்கினது?"

"போன மாசம் சாமி. புத்தம் புதுசு."

"அதான் விஷயம். புதுசுன்னா பொறாமை ஏறும்." சாமியார் பெட்டியின் மேல் கைவைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு ரேம் நினைவகப் பட்டைகளில் ஒன்றைப் பிடுங்கி உப்புக்குள் செருகினார். "பீடை இதுலதான் உக்காந்திருக்கு. உப்பு உறிஞ்சிடும். மூணு வாரம் சந்தேகப்படாம இரு. சந்தேகப்பட்டா மறுபடி ஏறிக்கும்."

"ஞாயித்துக்கிழமை மாமனார் வராரு சாமி..."

"பீடைக்கு உன் மாமனாரைத் தெரியாதுப்பா."

என்ன வசதியான வைத்தியம் பாருங்கள்! குணமானால் சாமியின் மகிமை. குணமாகாவிட்டால் உங்கள் சந்தேகம்.

குரல்காரரின் மனைவி ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் சோதிப்பவள். பெயர்ச் சீட்டு ஒட்டாத குழாயைத் தொடமாட்டாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து, சர்க்கரை டப்பாவிலிருந்து கம்ப்யூட்டர் ரேம்வரை அவள் கையெழுத்தோடு சீட்டு இருக்கும். அன்று மாலை கம்ப்யூட்டர் ஆமைபோல நகர்ந்ததும் மூடியைத் திறந்தாள்.

"ரெண்டு ரேம் இருந்துச்சே, இன்னொண்ணு எங்க?"

"உப்புல இருக்கு."

"எதுல?"

அவர் விவரம் சொன்னார். அவள் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, டிஸ்க்கை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவள் கத்தினால் சமாளித்துவிடுவார். கத்தாமல் காரியத்தில் இறங்கினால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி டிஸ்க்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "எங்க லேப்ல ஏழு வருஷத்துப் பழைய மெஷின் ஒண்ணு கிடக்கு. நாளைக்கு அதையும் சாமிகிட்ட காட்டிடலாம். நானும் வரேன்."

"உனக்கும் நம்பிக்கை வந்துடுச்சா!" அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"வந்துட்டே இருக்கு" என்றாள் அவள்.

சனிக்கிழமை அறையில் கால்வைக்க இடமில்லை. குரல்காரர் பழைய பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார். சாமியார் கைவைத்த மாத்திரத்தில் உடம்பே உதறியது.

"அடடா! ஏழு வருஷத்துப் பீடை! இதுல ரெண்டு ரேமையும் எடுத்தாகணும்."

"எடுங்க சாமி" என்றாள் மனைவி. "அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை டிஸ்க்கைப் போட்டுப் பாத்துடலாம். எவ்வளவு மோசம்னு நாலு பேருக்கும் தெரியட்டும்."

"ஓடாதும்மா."

"ஓடாதுன்னா போடறதுல என்ன பயம்?"

"அதானே! போடுங்க சாமி" என்றார் லாரி டிரைவர்.

சாமியார் கறுப்புத் துணியை எடுத்தார். அவள் அதை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டிஸ்க் உள்ளே போனது. டிவி கறுப்பாகவே இருந்தது. சாமியார் புன்னகைத்தார்.

"ஙீ... ஆ! ஙீ... ஆ!"

அறை அதிர்ந்தது. சுவர் நிறையக் கழுதை நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: "என்னை யாரும் ஓட்ட வேண்டாம். எனக்கு வழி தெரியும்!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. குரல்காரருக்குக் கண் கலங்கியது. தன் குரலுக்கு ஜனங்கள் சிரிப்பதை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சாமியார் லேசுப்பட்டவரா? "பாத்தீங்களா! கை வெச்சேன், ஓடிடுச்சு!"

பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிரித்த வாய் மூடுவதற்குள்!

"நேத்து சாயங்காலமே ஓடுச்சு" என்றாள் மனைவி. "எங்க லேப் டிவியில முக்கால் மணி நேரம் பாத்தோம். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. நல்லா இருக்கிற மெஷினுக்கு ஏழு வருஷ வியாதி சொல்றீங்களே! சரி, அந்த உப்பு வாளியைக் கொஞ்சம் கவிழ்த்துக் காட்டுங்க."

"பீடை வெளியே வந்துடும்!"

லாரி டிரைவர் காலால் ஒரு தட்டு தட்டினார். உப்பு கொட்டியது. உப்பு மட்டும்தான் கொட்டியது. மனைவி கைப்பையிலிருந்து ஒரு ரேமை எடுத்து உயர்த்திக் காட்டினாள். அதன் ஓரத்தில் அவள் கையெழுத்தோடு சீட்டு.

"இதே கட்டடத்துல பழைய பாகம் விக்கிற கீழ்க் கடையில இன்னிக்குக் காலையில விலைக்கு வாங்கினேன். கடைக்காரர் யாருன்னு கேட்டேன். சாமியோட மச்சானாம்."

"அப்ப என்னோடது இங்க ஓடுச்சே, அது எப்படி?" என்றார் டிரைவர்.

"டிஸ்க்குல பூட்டு இருக்குங்க. சாவியை யார் கண்ணுலயும் படாம வெக்க சிப்புக்குள்ள தனியா ஓர் இடம் வேணும். பழைய சிப்புல இருக்கு. மெஷினை ஆன் பண்றப்போ ஒரு பட்டனை அமுக்கி அந்த செட்டிங்கைத் திறந்துவிடணும். கேபிளும் டிவியும்கூட அந்தப் பூட்டுக்கு ஒத்துவரணும். இங்க இருக்கிற டிவி ஒத்துவருது, உங்க வீட்டுது ஒத்துவரலை. புது சிப்புலயோ அந்த இடத்தையே எடுத்துட்டாங்க. யார் தொட்டாலும் வராது. எங்க லேப்ல மெஷின் ரிப்பேர் பண்றவர் அஞ்சு நிமிஷத்துல இதைச் சொல்லி, எங்க பழைய மெஷின்ல அந்த செட்டிங்கைத் திறந்தும் விட்டுட்டாரு."

"பட்டனை அமுக்கறதுக்கு எதுக்குக் கறுப்புத் துணி?"

"நீங்க பாத்துட்டா அடுத்தவருக்குச் சொல்லிக் குடுத்துடுவீங்களே!"

டிரைவர் திரும்பினார். சாமியார் பின்பக்க மாடிப்படியில் பாதி தூரம் போயிருந்தார். தாடி மட்டும் கொஞ்சம் பின்தங்கி, கைப்பிடி ஆணியில் மாட்டிக்கொண்டது. அதுவும் வளர்ந்ததல்ல, ஒட்டியதாம்! அவரவர் ரேமைத் தேடிக் கூட்டம் கீழ்க் கடைக்குப் பாய்ந்தது. அன்று மாலைக்குள் மச்சானின் அலமாரி காலி.

மறுநாள் லேப் விடுமுறை. மாமனாரை அங்கே காத்திருப்போர் அறையில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டார்கள். முடியும்வரை மனிதர் அசையவில்லை. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "கழுதை நீங்கதானா மாப்பிள்ளை? சொன்னா நம்ப முடியுது" என்றார். குரல்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வீட்டுக் கதவைத் திறந்தால் நாலு பேர் பெட்டியும் கையுமாக நிற்கிறார்கள். முன்னால் நின்றவர் குரல்காரரின் மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அம்மா, உங்க கை ராசியான கைன்னு ஊரெல்லாம் பேச்சு. இதை ஒரு தடவை தொட்டுக் குடுங்க, போதும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க. இந்தப் படம் எதுல ஓடும், எதுல ஓடாதுன்னு உங்க டிஸ்க் அட்டையிலேயே அச்சடிச்சிருக்கு, சேர்ந்து படிக்கலாம். தொட்டுத்தான் பாக்கணும்னா அவங்கவங்க தலையைத் தொட்டுப் பாருங்க. அதை எந்தச் சாமியும் கழட்டிட்டுப் போகலை. நீங்கதான் இன்னும் ஆன் பண்ணாம வெச்சிருக்கீங்க!"