சக்கரச் சித்தரின் தரவரிசை

பினாங்கில் மோட்டார் பந்தயம் தைப்பூசம் கழிந்துதான் தொடங்கும். பந்தயப் பைத்தியம் மட்டும் மார்கழியிலேயே தொடங்கிவிடும். முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் அந்தப் பைத்தியம் ஜெலுத்தோங் சாலையில் ஒரு கடைவீட்டு வாசலில் வரிசை பிடித்து நின்றது. உள்ளே சக்கரச் சித்தர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் எந்த ஓட்டி முதலில் வருவார், எவர் கடைசியில் வருவார் என்பதைப் பந்தயத்துக்கு முன்பே சொல்லிவிடுவாராம். அப்புறம் பெட்ரோலைச் செலவழித்து எதற்குப் பந்தயம் ஓட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இருந்திருந்தால் அங்கே எதற்கு வரிசை?

சித்தர் முன்பு நிபோங் திபாலில் சேவல் சண்டைக்குக் குறி சொல்லிக்கொண்டிருந்தவர். அங்கே சேவல்கள் அவர் சொன்னபடி கேட்கவில்லை. சேவல்காரர்கள் அவரைச் சும்மா விடவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே படகேறித் தீவுக்கு வந்தார், தாடி வளர்த்தார், சேவலை விட்டுக் காரைப் பிடித்தார்.

அவர் முறை இதுதான். ஓட்டிகள் கார் ஓட்டும்போது போடும் கையுறையில் ஒன்றைக் கொண்டுவந்து வாழை இலையில் வைக்க வேண்டும். சித்தர் சிவப்பு நூலில் கட்டிய ஓர் உருத்திராட்சத்தை அதன் மேல் தொங்கவிட்டுக் கண்ணை மூடுவார். அது பெரிய வட்டமாகச் சுற்றினால் முதலிடம். அசையாமல் நின்றால் கடைசி இடம். ஆறு ஓட்டிகளையும் இப்படி வரிசைப்படுத்தி, பெயர்களைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பலகையைப் படித்தது.

நூலில் எதைக் கட்டித் தொங்கவிட்டாலும் கை நினைக்கிற பக்கம் அது ஆடும். ஒரு வெங்காயத்தைக் கட்டிப் பாருங்கள், அதுவும் அருள்வாக்குச் சொல்லும். போன வருஷம் யார் ஜெயித்தார் என்பது பத்திரிகையில் வந்த செய்தி. அதைப் படித்துவிட்டு இந்த வருஷமும் அவரே முதல் என்று சொல்ல உருத்திராட்சம் எதற்கு? மூக்குக்கண்ணாடி போதும்.

ஆனால் பலகையில் ஒரு பெயர் மட்டும் பத்திரிகையோடு ஒத்துப்போகவில்லை. போன வருஷம் இரண்டாவதாக வந்த ஜெயராஜ் இப்போது கடைசியில் இருந்தார். காரணம் எளிது. தரவரிசையில் முன்னேற சித்தரிடம் ஒரு பரிகாரம் உண்டு. அவர் காய்ச்சிய எண்ணெயில் கையுறையை ஊற வைத்து, அதற்கான காணிக்கையையும் வைக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தால் வழுக்கும் என்று ஜெயராஜ் மறுத்துவிட்டார். முனுசாமி என்ற ஓட்டி மறுக்கவில்லை. அவர் எண்ணெய்க் கையுறையோடு பயிற்சிக்குப் போனார், ஆயர் ஈத்தாம் வளைவில் காரோடு சாக்கடையில் இறங்கினார். எண்ணெய் மட்டும் போடாமல் போயிருந்தால் ஆளே போயிருப்பான் என்றார் சித்தர். கூட்டத்துக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மறுநாள் எண்ணெய் விலை ஏறியது.

ஜெயராஜுக்குப் பலகை விளையாட்டாக இல்லை. அவர் ஓட்டி வந்த கார் விஸ்வலிங்கத்துக்குச் சொந்தம். யாழ்ப்பாணத்துக்காரர், மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவர், எண்களைக் கூட்டினால் தவறாதவர். சாமியார்களைக் கண்டால் மட்டும் கூட்டல் மறந்துவிடும். பலகையைப் பார்த்த அன்றே ஜெயராஜை இறக்கிவிட்டு வேறு ஆளைத் தேடத் தொடங்கினார். செய்தி ஊருக்குள் பரவியது. சனி பிடித்த கை என்று பஸ் கம்பெனி அவரைத் திருப்பி அனுப்பியது. லாரிக்காரர்களும் கையை விரித்தார்கள். பன்னிரண்டு வயதில் கார் கழுவத் தொடங்கிய மனிதருக்கு வேறு தொழில் தெரியாது.

அவர் ஒரு மாலை விஸ்வலிங்கத்தின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"முதலாளி, காரை வேற ஆளுக்குக் குடுங்க, பரவால்ல. என் கை ஆகாதுன்னு மட்டும் உங்க வாயால சொல்லாதீங்க. நீங்க சொன்னா இந்த ஊருல எவனும் எனக்கு ஒரு சாவி தரமாட்டான் லா."

விஸ்வலிங்கம் தன் கையில் என்ன இருக்கிறது, எல்லாம் கிரகம் என்று கூரையைப் பார்த்தார். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஞானாம்பிகை கூரையைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். விடையை மட்டும் எழுதி வழியைக் காட்டாத பிள்ளைக்கு அவர் வகுப்பில் பூஜ்யம்தான். ஜெயராஜ் புறப்பட்டபோது வாசல்வரை போய், அவரிடம் பழைய கையுறைகள் ஏதாவது கிடக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தர் வீட்டில் நிற்க இடமில்லை. அன்றைக்கு ஏரம்பமூர்த்தி என்ற கிளார்க், யாருடைய கையுறை என்று தெரிந்துகொண்டுதான் சாமி குறி சொல்கிறதோ என்று பயபக்தியோடு கேட்டார். சந்தேகத்தால் அல்ல, பெருமையைக் கேட்டு மகிழத்தான். சித்தரும் மகிழ்ந்தார். தான் எதையும் பார்ப்பதில்லை, உருத்திராட்சம்தான் பார்க்கிறது, அதற்குப் பெயரும் வேண்டாம் முகமும் வேண்டாம் என்றார். வாயால் கெடுவது தவளை மட்டுமல்ல.

கணவரோடு வந்திருந்த ஞானாம்பிகை எழுந்தார். பின்னால் நின்ற கடைப் பணியாள் ஒரே மாதிரியான ஆறு பிஸ்கட் டின்களை வரிசையாக இறக்கி வைத்தார். விஸ்வலிங்கம் வியர்த்தார்.

"சாமி, இந்த ஆறு டின்னிலையும் பந்தயத்திலை போட்டு ஓடின கையுறைதான் இருக்கு. ஒரு டின்னுக்கு ஒண்டு. உங்கட உருத்திராட்சம் தகரத்துக்குள்ளாலை பார்க்குமோ?"

கூட்டம் சித்தரைப் பார்த்தது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. தகரம் என்ன, மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் தெரியும் என்று நூலை எடுத்தார். ஒரு டின்னின் மேல் உருத்திராட்சம் செக்குமாடு மாதிரிச் சுற்றோ சுற்றென்று சுற்றியது. முதலிடம் என்றார், கூட்டம் கும்பிட்டது. மற்றவற்றின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு டின்னின் மேல் நூல் செத்துக் கிடந்தது. இது கடைசி இடம், அந்தச் சனி பிடித்த கை, டின்னைத் தொட்டவர்கள் வீட்டுக்குப் போனதும் குளித்துவிடுங்கள் என்றார்.

ஞானாம்பிகை முதலிடம் வாங்கிய டின்னைத் திறந்தார். உள்ளே இடது கை உறை. பெருவிரல் பக்கம் தீய்ந்த கறை, மணிக்கட்டில் ஜெயராஜின் பெயரெழுத்து. வாசலில் நின்ற ஜெயராஜ் அது தன்னுடையது என்றார். ஊரே கடைசி என்று ஒதுக்கியவருக்கு உருத்திராட்சம் முதலிடம் கொடுத்திருந்தது.

பிறகு கடைசி இடம் வாங்கிய டின்னைத் திறந்தார். உள்ளே வலது கை உறை. அதே தோல், அதே தையல், அதே பெயரெழுத்து. இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தார். ஒரே ஜோடி. மிச்ச நான்கையும் விஸ்வலிங்கமே வந்து திறந்தார். நான்கும் ஜெயராஜ் போன வருஷங்களில் போட்டுக் கிழித்தவை.

"முதலாவதா வாறவரும் இவர், கடைசியா வாறவரும் இவர், நடுவிலை வாற நாலு பேரும் இவர்தான். அப்ப பந்தயத்திலை மற்ற ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ, சாமி?"

சித்தர் பெண் நிழல் பட்டதால் தீட்டாகிவிட்டது என்றார். நிழல் பட்டால் பார்வை போகிற சாமிக்கு மலைக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரியும் என்று ஒரு குரல் கேட்டது. அது சாக்கடையில் இறங்கிய முனுசாமியின் குரல். சித்தர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்கட்டுக்குப் போனார். நீண்ட தாகம்போல் இருக்கிறது. இன்றுவரை திரும்பவில்லை.

விஸ்வலிங்கம் அத்தனை பேர் முன்னாலும் ஜெயராஜிடம் மன்னிப்புக் கேட்டார். காசை விட வாய் திறப்பதுதான் அவருக்குக் கஷ்டம், ஆனாலும் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். சனி பிடித்த அதே வலது கையில்தான். ஜெயராஜ் அழுதார்.

தாசேக் கெலுகோர் தோட்டச் சாலையில் நடந்த முதல் பந்தயத்தில் ஜெயராஜ் மூன்றாவதாக வந்தார். ஏன் மூன்றாவது? முன்னால் போன இரண்டு கார்களும் இவர் காரைவிட வேகம் கூடியவை. இதில் எந்தக் கிரகத்துக்கும் வேலையில்லை.

கதையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் ஏரம்பமூர்த்தி விடமாட்டார். பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் நாலு பேரைக் கூட்டி வைத்து, சாமி சரியாகத்தான் சொன்னது, ஜெயராஜுக்கு இடது கை ராசியான கை, வலது கை ஆகாத கை, இரண்டையும் சமன் செய்தால் மூன்றாவது இடம்தானே வரும் என்று விளக்கினார். நாலு பேரும் தலையாட்டினார்கள்.

ஐயா, ஓட்டத் தெரியாதவன் கேட்டால் உங்கள் காரின் சாவியைக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். மூளையை மட்டும் கண்டவன் கையில் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறீர்களே, அது என்ன வாடகைக்கு எடுத்ததா? உங்களுடையதுதான், ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.