ஆறுக்கு மேல் ஆறு

பரண் ஏறுவதில்லை என்று கடிகார ரிப்பேர்க்காரர் முடிவெடுத்து மூன்று வருடமாகிறது. மேலே இருப்பதெல்லாம் அவர் ஆசை ஆசையாகச் சேர்த்த, ஓடாத சுவர்க் கடிகாரங்கள். இறக்கினால் மனைவி அத்தனையையும் பழைய சாமான் கடையில் போட்டுவிடுவாள்.

சனிக்கிழமை மதியம் மறுபடியும் அந்தப் பேச்சு வந்ததும், பெருந்தன்மையாக ஒரு யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாம்பும் ஏணியும் ஆடுவோம். மனைவியும் இரண்டு பெண்களும் ஒரு கட்சி, அவர் தனிக் கட்சி. அவர் ஜெயித்தால் பரண் பேச்சே இனி எழக் கூடாது. தோற்றால் அவரே ஏறி எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, ஒரு பகடையில் ஒன்று என்ற பக்கம் நுண்ணிய துளை போட்டு, துளி ஈயம் வைத்து, கறுப்பு மை தடவி மூடினார். தொழில்காரர் கையல்லவா, பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. எப்படி உருட்டினாலும் ஆறு. வீட்டுக்கு வந்து அட்டையை விரித்து ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று விரல் வைத்துப் பார்த்தார். வழியில் ஒரு பாம்பும் இல்லை. அறுபது வந்ததும் திருப்தியாக மடித்து வைத்துவிட்டார். அறுபதோடு ஒரு சுற்று முடிந்தது என்று நினைப்பது அவருக்குத் தொழில் பழக்கம்.

மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் கறாராகச் சொன்னார். இது அவருடைய ராசியான பகடை, வேறெதையும் தொட மாட்டார். ஆறு விழுந்தால் மறுபடியும் போட்டே ஆக வேண்டும். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நூறாம் கட்டத்துக்குச் சரியான எண் விழுந்தால்தான் பழம் என்று மட்டும் சேர்த்தாள். அதற்கென்ன என்றார் அவர்.

பெரியவள் வேறு பகடையில் முதலில் போட்டாள். இரண்டு. அவர் தன் பகடையைக் கையில் எடுத்தார்.

ஆறு. மறுபடி ஆறு. சின்னவள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள். அவர் காய் யாருக்கும் வழிவிடாமல் தொண்ணூற்றாறில் போய் நின்றது. அடுத்தும் ஆறு.

"நாலுதான்பா வேணும், நகர முடியாது," என்றாள் பெரியவள். "ஆனா ஆறு விழுந்துச்சே, திரும்பப் போடுங்க. நீங்கதானே சொன்னீங்க."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இடது கையால் போட்டார். தலைக்கு மேலிருந்து போட்டார். பீரோவுக்கு அடியில் உருட்டிவிட்டார். சின்னவள் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்து, "ஆறேதான்பா" என்று கத்தினாள். நாற்பது ஆறு வரை எண்ணிய பெரியவள் சிரித்துச் சிரித்துக் கணக்கை விட்டுவிட்டாள். எதிர்க்கட்சியின் காய் இரண்டாம் கட்டத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

பகடையை மாற்றிக்கொள்ளட்டுமா என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"தாராளமா மாத்துங்க. ஏன் மாத்தறீங்கன்னு மட்டும் பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

பிள்ளைகளைப் பார்த்தார். உலகத்திலேயே எங்க அப்பாவுக்குத்தான் இத்தனை ஆறு விழும் என்று சின்னவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முகத்திடம் ஈயத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? தோற்றதாக ஒப்புக்கொண்டார். பெண்கள் இருவரும் அவர் மேலேயே விழுந்து குதித்ததில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் கடைசியாக ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார். "ஏறலாம்தான். நம்ம வீட்ல ஏணி இல்லையே?"

"காலைல துவைக்க எடுத்தப்ப உங்க சட்டைப்பையில இருந்த அந்தப் பகடையை நாலஞ்சு தடவை உருட்டிப் பார்த்தேன்," என்றாள் மனைவி, பிள்ளைகள் காதில் விழாமல். "அப்பவே பக்கத்து வீட்ல ஏணி வாங்கி வச்சுட்டேன். சரியா ஆறு படி."