பிரதம இலிகிதருக்கு எத்தனை யானை?

ஒரு கல்லூரியில் ஒரேயொரு கிளாக்கர் இருந்தால் அவர் பிரதம இலிகிதர், அதாவது தலைமைக் கிளாக்கர், ஆகலாமா, ஆகக்கூடாதா? இந்தப் பாரதூரமான கேள்வியை 1936ஆம் ஆண்டு ஆனி மாதம் எங்கள் கல்லூரி முகாமைச் சபை ஆழ்ந்து ஆராய வேண்டி வந்தது. ஆழ்ந்து என்றால், தட்டிலே வடை இருக்குமட்டும்.

நான் மருதனார்மடச் சந்தியில் ஓட்டுக் கடை வைத்திருக்கிறவன். பள்ளிக்கூடத்தில் படித்தது நாலாம் வகுப்பு. மிச்சத்தை என்னை ஏமாற்றின ஆட்கள் படிப்பித்தார்கள். கல்லூரி மண்டபத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தபடியால் சபையில் எனக்கும் ஒரு கதிரை. படித்தவர்களுக்கு நடுவே நான் இருந்த கதை இப்படித்தான்.

எங்கள் கிளாக்கர் ஆழ்வாப்பிள்ளை. இருபத்திரண்டு வருடமாய் அந்தக் கல்லூரி அவருடைய பேனையில்தான் நடந்தது. வரவு இடாப்பு, கடிதம், படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகளின் விடுகைப் பத்திரம், சபைக் கூட்டக் குறிப்பு எல்லாம் அவர் கை. கையொப்பம் மட்டும் அதிபருடையது. அதுவும் ஆழ்வாப்பிள்ளை விரலால் தொட்டுக் காட்டுகிற இடத்தில்.

அவருடைய மகள் பத்மாசினிக்குச் சம்பந்தம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை நடராசா எங்கள் கல்லூரியில் படித்தவன், கொழும்பில் அரசாங்க உத்தியோகம். எல்லாம் சரி, மாப்பிள்ளையின் தகப்பன் மார்க்கண்டர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"கலியாண அழைப்புக் காட்டிலை என்ரை பெயருக்குக் கீழை 'இளைப்பாறிய சேர்வேயர்' எண்டு வரும். உம்மடை பெயருக்குக் கீழை வெறும் கிளாக்கர் எண்டு கிடந்தால் காட் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும். பிரதம இலிகிதர் எண்டு வரட்டும். இல்லையோ, ஆவணிக்குள்ளை நாங்கள் வேறை இடம் பாப்பம்."

ஆழ்வாப்பிள்ளை சபைக்கு மனு எழுதினார். சம்பளம் ஒரு சதமும் கூட்ட வேண்டாம், பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று கேட்டார். என் வியாபார காலத்தில் இவ்வளவு மலிவாய் ஒருவன் பொருள் கேட்டு நான் கண்டதில்லை. உடனே கொடுத்துவிட்டு வடையைப் பார்ப்போம் என்றேன்.

மனேச்சர் தில்லைநாதன் கையை உயர்த்தினார். அவர் மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராய் இருந்து பென்சன் எடுத்து வந்தவர். ஆனி வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுவார்.

"முதலாளி, இது ஓட்டுக் கடையில்லை. எழுந்தமானமாய் ஆரையும் உயர்த்தேலாது. தகுதி விதி வேணும்."

"எங்கை ஐயா விக்குது?"

"என்னட்டை இருக்கு."

அடுத்த கூட்டத்துக்கு மலாயாப் புகையிரதச் சேவையின் பதவி உயர்வு விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தோல் அட்டை. 'ரெயில்வே' என்று வருகிற இடமெல்லாம் 'கல்லூரி' என்று மாற்றி எழுதும்படி ஆழ்வாப்பிள்ளைக்குக் கட்டளை. மற்றதை மாற்றச் சொல்லவில்லை; ஆகவே அவர் மாற்றவில்லை. தமக்கு வைக்கப்போகிற பொறியைத் தாமே அழகாய் எழுதிக் கொடுத்தார்.

விதிகள் இங்கிலீசில் வாசிக்கப்பட்டன. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அவர் என்னைப் பார்த்தார், நானும் ஆட்டினேன். 'விளங்கேல்லை' என்று சொல்லுகிற தைரியம் எங்கள் பக்கத்தில் எவனுக்கு இருக்கிறது? முதலில் கை தூக்கினது நான். அதிபர் அருளம்பலம் பி.ஏ. ஒருவருக்குத்தான் முழுவதும் விளங்கியது. அதனால்தான் அவர் பேசாமல் இருந்தார். விதிகள் ஏகமனதாய் நிறைவேறின.

நிறைவேறின பிறகு அதிபர் தமிழில் சொன்னார். பிரதம இலிகிதராக வர விரும்புபவர் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிய வேண்டும். கல்லூரி தண்டவாளத்தை விட்டு இறங்கினால் உடனே கொடி காட்ட வேண்டும். காட்டானை நடமாடும் பிரதேசத்தில் மூன்று வருடம் சேவை செய்திருக்க வேண்டும்.

எனக்குத் தலை கொதித்தது. "யானையோ? வலிகாமத்திலை யானையை எங்கை ஐயா பிடிக்கிறது? கோயில் யானை சரிவராதோ?"

"காட்டானை எண்டு தெளிவாய்க் கிடக்கு," என்றார் மனேச்சர். "நீங்களும் கை தூக்கினீங்கள்."

கண் சோதனை இலேசாய் முடிந்தது. ஆழ்வாப்பிள்ளை காங்கேசன்துறை ஸ்டேசனுக்குப் போய், சிவப்பு சிவப்புத்தான், பச்சை பச்சைதான் என்று எழுத்தில் வாங்கி வந்தார். யானையில்தான் வண்டி நின்றது.

"வன்னியிலை மச்சானுக்கு வயல் இருக்கு," என்றார் ஆழ்வாப்பிள்ளை மெல்ல. "பதினேழு வருசமாய் மார்கழிப் பள்ளிக்கூட விடுதலைக்கு யானைக் காவலுக்குப் போறனான். பாலை மரத்திலை பரண்."

"வருசத்துக்கு எவ்வளவு நாள்?"

"ரெண்டு கிழமை."

அதிபர் பெருக்கிப் பார்த்தார். "முப்பத்துநாலு கிழமை. ஒரு வருசமும் வராது."

பேரம் என்று வந்தால் நான் கைகட்டி இருக்கமாட்டேன். "மனேச்சர், மலாயாவிலை உங்கடை ஸ்டேசனுக்கு எத்தினை யானை வந்தது?"

"மூண்டு வருசத்திலை... ரெண்டு."

"கிளாக்கர், நீர் எத்தினை கண்டனீர்?"

"கூட்டமாய் வந்தால் எண்ணிறேல்லை முதலாளி. ஓடுறது."

"ரெண்டுக்குக் குறையாதே?"

"ஓம், ஓம். குறையாது."

"அப்ப வருசத்தை விடுங்கோ. யானையை எண்ணுங்கோ. உங்களுக்கு ரெண்டு, இவருக்கு ஒரு கூட்டம்!"

அரை மணித்தியாலம் இழுபறி. கடைசியில் யானைச் சோதனையிலும் கிளாக்கர் சித்தியடைந்தார். ஆழ்வாப்பிள்ளையின் கண் கலங்கியது. அப்போதுதான் மனேச்சர் கடைசி விதியை எடுத்தார்: இருபது வருடச் சேவைக்கு எழுத்தில் ஆதாரம்.

அதிபர் சேவை இடாப்பைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் 'திரு. க. ஆழ்வாப்பிள்ளை, 1914 தை' என்று முத்துப்போல எழுதியிருந்தது.

"இது ஆற்றை கை?" என்றார் மனேச்சர்.

"என்ரை கைதான் ஐயா. வேறை ஆர் எழுதிறது?"

"தன்னைப் பற்றித் தானே எழுதினது சாட்சியோ? இந்தக் கிளாக்கரின்ரை கையால் எழுதிய எதுவும் ஆதாரமாகாது. ஏழாம் தீர்மானம். எழுதும்!"

"நானோ ஐயா?"

"வேறை ஆர் எழுதிறது?"

ஆழ்வாப்பிள்ளை எழுதினார். எழுத்துக் கொஞ்சமும் கோணவில்லை. மனு நிராகரிக்கப்பட்டது.

ஆடி நடுப்பகுதியில் மார்க்கண்டர் குடையோடு கூட்டத்துக்குள் புகுந்தார். பெண்ணைப் பற்றிப் பேச வந்தாரென்று நினைத்தோம். அவர் குடையால் மேசையில் ஒரு போடு போட்டார்.

"என்ரை பெடியன்ரை விடுகைப் பத்திரம் செல்லாதெண்டு கொழும்புக்கு எழுதினது ஆர்?"

நடராசாவுக்கும் அங்கே பதவி உயர்வு வந்ததாம். அவனுடைய பத்திரம் சரிதானா என்று அவன் வேலை செய்கிற கந்தோர் எங்கள் கல்லூரியைக் கேட்டிருக்கிறது.

"நான் எழுதேல்லை," என்றார் அதிபர்.

மார்க்கண்டர் கடிதத்தை விரித்தார். கீழே அதிபருடைய கையொப்பம், விரல் காட்டின இடத்தில்.

ஆழ்வாப்பிள்ளை எழுந்து நின்றார். "பொய்ப் பத்திரம் எண்டு எழுதேல்லை ஐயா. ஆதாரமாகாது எண்டுதான். அது என்ரை கை. ஏழாம் தீர்மானம் அப்பிடித்தானே சொல்லுது? மனேச்சர் ஐயாவின்ரை நியமனக் கடிதமும் என்ரை கைதான். அதிபர் ஐயாவின்ரையும். அதுகளையும் கல்விக் கந்தோருக்கு அறிவிக்கட்டோ எண்டு கேக்க இருந்தனான்."



"தீர்மானத்தை ரத்துச் செய்வம்!" என்றார் மனேச்சர்.

"மனேச்சர் எண்டதுக்கே ஆதாரம் இல்லை. நீங்கள் எப்பிடி ரத்துச் செய்யிறது?" என்றேன். சும்மா விடுவேனா? "ஏன் ரத்து? அந்தத் தீர்மானமும் கிளாக்கரின்ரை கைதானே. தானாய்ச் செல்லாது."

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "அது செல்லாதெண்டால் அவற்றை கை செல்லும். அவற்றை கை செல்லுமெண்டால் தீர்மானம் செல்லும். தீர்மானம் செல்லுமெண்டால் அது செல்லாது." அவருடைய பி.ஏ. பட்டம் கல்லூரிக்குப் பயன்பட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மார்க்கண்டர் குடையை மறுபடி தூக்கினார். "உங்கடை விசர்க் கதையை விடுங்கோ! என்ரை பெடியன் இப்ப படிச்சவனோ, படியாதவனோ?"

நான் பேரத்தை முடித்துவைத்தேன். "கிளாக்கரைப் பிரதம இலிகிதர் ஆக்குவம். பிறகு பிரதம இலிகிதர் கிளாக்கரின்ரை எழுத்தைப் பார்த்துச் சரியெண்டு ஒப்பமிடட்டும். பதவி ரெண்டு, ஆகவே ஆளும் ரெண்டு. தன்னைப் பற்றித் தானே சொன்னதாய் வராது."

மனேச்சர் மலாயாப் புத்தகத்தைப் புரட்டினார். தடை ஒன்றும் இல்லை. ஏகமனதாய் நிறைவேறியது. புதிய பிரதம இலிகிதர் தம்முடைய நியமனத்தைத் தாமே எழுதினார். காட் நேராய் அச்சடிக்கப்பட்டது. ஆவணியில் தாலி ஏறியது. நானும் வேட்டி சால்வையோடு போய் முன்வரிசையில் இருந்து சாப்பிட்டேன்.

கலியாணம் முடிந்த அடுத்த கிழமை, காலியான கிளாக்கர் கதிரைக்கு என் மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். கணக்கில் கெட்டிக்காரன், கை எழுத்தும் நல்லது. பிரதம இலிகிதர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"தம்பி, யானை கண்டிருக்கிறீரோ?"

"என்ன ஆழ்வாப்பிள்ளை, பகிடியோ!" என்றேன்.

"பகிடியில்லை முதலாளி. கிளாக்கருக்கும் அதே யானை விதிதான். முதலிலை கை தூக்கினது நீங்கள். நான் குறிச்சு வைச்சிருக்கிறன்."

"நீர் பட்ட பாடு மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. நான் பட்டுத்தானே வந்தனான்? அவரும் படட்டும்."

மார்கழி பிறக்க, மருமகனை வன்னிக்கு அனுப்பினேன். நாலாம் நாள் கடிதம் போட்டான். எங்கள் விதிகள் மிகவும் நாகரிகமானவை என்று குடாநாட்டுக் கல்லூரிகள் எல்லாம் பிரதி எடுத்துவிட்டனவாம். ஒவ்வொரு பாலை மரத்திலும் கோட்டுப் போட்ட பெடியள் ஏழெட்டுப்பேர், கையில் கடதாசியும் பென்சிலும், சாட்சிக்கு ஆளுக்கொரு மாமா. அந்தச் சனத்தைக் கண்ட யானைகள் பதவியாக் காட்டுப் பக்கம் ஓடிவிட்டனவாம்.

அன்று மாலை ரயிலேறி வன்னிக்குப் போனேன். அந்த விதியைக் கிழித்தெறிய வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் வவுனியா மட்டும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். இறங்கினதும் பதவியா எல்லையில், யானைகள் போகிற வழியோரம் நிற்கிற ஆறு பாலை மரத்தையும் குத்தகைக்கு எடுத்துவிட்டேன்.

நாலு மரத்தில் பரண் இடம் விற்று முடிந்தது. இரண்டில் இன்னும் சில கொப்பு மிச்சம். உங்கள் பிள்ளையும் இந்த வருடம் படிப்பு முடிக்கிறான்தானே? சந்திக் கடைக்கு வாருங்கள். விலை பேசலாம்.