தாமரையில நிக்காத செவப்புப் புள்ளி

போன வாரம் பாபநாசத்துல ஒரு சின்ன வேலை. நான் டிசைன் பண்ண கல்யாண மண்டபத்தை மூணு பேரைப் பாக்க வைக்கணும். அவ்ளோதான்.

என்னோட படிச்ச கவிதா இப்ப ஆர்க்கிடெக்சர் காலேஜ்ல பாடம் எடுக்குறா. ஜனங்க கட்டடத்தை எப்படிப் பாக்குறாங்கன்னு ஆராய்ச்சி. அதுக்குன்னு ஒரு கண்ணாடி வச்சிருக்கா. அதை மாட்டிக்கிட்டா, நம்ம கண்ணு போற எடமெல்லாம் லேப்டாப்ல ஒரு செவப்புப் புள்ளி போகும்.

நானேதான் அவளை வலியக் கூப்பிட்டேன். மண்டபத்து முகப்புல இருபது அடிக்கு ஒரு கான்கிரீட் தாமரை வச்சிருக்கேன். ஓனர் ராஜேந்திரன் ஐயா ஒரத்தநாட்டுல அடுத்த மண்டபம் கட்டப் போறார். புள்ளி தாமரையிலயே நிக்கிறதைப் பாத்துட்டார்னா அந்த வேலையும் எனக்குத்தான். லேப்டாப் பக்கத்துலயே சேர் போட்டு அவரை உக்கார வச்சேன்.

அன்னைக்கு அங்க ஒரு வளைகாப்பு. வந்தவங்கள்ல மூணு பேர் ஒத்துக்கிட்டாங்க.

முதல்ல கும்பகோணத்துலேர்ந்து வந்த ஒரு பெரியவர். புள்ளி தாமரையை லேசா உரசிட்டு, ஓரத்துல 'உணவுக் கூடம்'னு அம்புக்குறி போட்ட போர்டுக்குப் போய் உக்காந்துருச்சு. எழுந்திரிக்கவே இல்ல.

பசி போலருக்குன்னு ஓனர்கிட்ட சமாளிச்சேன்.

அடுத்து ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. புள்ளி நேரா பேர்ப்பலகைக்குப் போச்சு. கண்ணாடியைக் கழட்டிட்டு, எழுத்து தப்பா இருக்குன்னாங்க. எல்லாரும் நிமிந்து பாத்தோம். 'திருமண மாலிகை.' ரெண்டு வருஷமா அப்படியேதான் இருக்கு.

போர்டுக்கு சரின்னு சொன்னது யாருன்னு ஓனர் கேட்டார். நான் தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

மூணாவது முருகையன் அண்ணன். மண்டபத்துக்குப் பின்னாடிதான் அவர் வயல். புள்ளி மொட்டை மாடி மழைத்தண்ணிக் குழாயைப் புடிச்சு இறங்கி, சுவரோரமா பின்பக்கம் போச்சு.

"மழை பேஞ்சா என் நாத்தங்கால் மட்டும் ஏன் முழுகுதுன்னு இப்பதாங்க புரியுது"ன்னார், ரொம்ப மரியாதையா.

பாக்கத் தெரிஞ்சவங்க பாத்தா வேற மாதிரி இருக்கும்னு சொல்லி, கண்ணாடியை வாங்கி நானே மாட்டிக்கிட்டேன். தாமரையை முறைச்சு முறைச்சுப் பாத்தேன். ஒரு நிமிஷம், கண்ணைக்கூட சிமிட்டல.

கவிதா பதிவைப் போட்டுக் காட்டினா. புள்ளி மொதல்ல 'மாலிகை'க்குப் போச்சு. அங்கேர்ந்து குழாய். அப்புறம் ஓனர் மூஞ்சி. கடைசியா உணவுக் கூடம். தாமரைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.

"முறைச்சது நெசம்தான். ஆனா கண்ணு அங்க இல்ல"ன்னா கவிதா.

ஓனர் என் தோள்ல கை போட்டு ஓரமா கூட்டிட்டுப் போனார்.

"தம்பி, ஒரத்தநாட்டுல சாப்பாட்டுக் கூடத்தை ரோட்டைப் பாத்து வச்சிடுங்க. முகப்பைப் பின்னாடி வச்சுக்கலாம்."

வேலை கெடச்சுடுச்சு. அங்க தாமரை பின்னாடி ஜெனரேட்டர் ரூமுக்கு மேல வருது.