ஆரணியை நிறுத்திய கிடார்க் கவிதை

உலக இலக்கிய வரலாற்றில், ஒரு கவிதைக்காக ஓர் ஊரே வேலையை நிறுத்தி, பகல் முழுக்க வாய்பொத்தி நின்றது ஒரே முறைதான். அது 1998இல், எங்கள் ஆரணியில். நம்பாதவர்கள் இலக்கிய விரோதிகள்.

சிவப்பிரகாசம் பகலில் கரண்ட் ஆபீஸ் அதிகாரி. மற்ற நேரமெல்லாம் ‘யுகக் கவி’. சொந்தக் கவிதையைச் சொந்தக் குரலில் படித்து, பின்னால் கிடார் ஒலிக்க, கேசட் போடுவது என்று கூட்டம் போட்டு ‘ஏகமனதாக’ முடிவெடுத்தார். கூட்டத்துக்கு அவர் தலைவர். ஓய்வுபெற்ற நான் பொதுமக்கள். கிடாருக்கு அவர் மைத்துனன் இளஞ்செழியன். அவனுக்கு ஒரே மெட்டுதான் தெரியும். எல்லாக் கவிதைக்கும் அது தாராளமாகப் போதும்.

ஆரணியை ஒட்டிய சேவூரில், கவிஞர் வீட்டில் ஒலிப்பதிவு. போட்டுக் கேட்டால் கவிஞரும் இல்லை, கிடாரும் இல்லை. அக்கம்பக்கத்து விசைத்தறிகள்தான் தடதடத்தன.

“கலைக்கு சமுதாயம் ஒத்துழைக்கணும் சார்,” என்று கவிஞர் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் சமுதாயம் ஒத்துழைத்தது. ‘அவசரப் பராமரிப்புப் பணி’. ஊர் முழுக்க கரண்ட் இல்லை. பேட்டரி டேப்ரெக்கார்டர் முன்னால் கவிஞர் கனைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள் ஓடி வந்தாள். கலசப்பாக்கத்துக் கல்யாண வீட்டின் முகூர்த்தப் புடவை அவள் தறியில் நின்றது. சாயங்காலம் வாங்க வருகிறார்கள், முந்தானை பாக்கி.

“கரண்ட் எப்ப சார் வரும்?”

“‘நிலவே, நீயும் நெசவாளி’ முடிஞ்சதும் வந்துடும்மா,” என்றேன் பெருமையாக.

“தமாஷ் பண்ணாதீங்க சார். கம்பி சரி பண்ணிகினு இருப்பாங்க. பாட்டு படிக்க எவனாச்சும் ஊரு கரண்ட்ட நிறுத்துவானா?” என்றவள், கவிஞரைக் கும்பிட்டாள். “நீங்க சொன்னா ஜல்தியா உடுவாங்க சார்.”

“பணி நடந்துகினு இருக்கும்மா,” என்று கவிஞர் ஜன்னலைச் சாத்தினார்.

வெளியீட்டு விழாவில் கேசட்டைப் போட்டார்கள். அப்பேர்ப்பட்ட அமைதி! கொசு பறந்தது கூடப் பதிவாகியிருந்தது. கைதட்டலில் உருகிய கவிஞர் மைக்கைப் பிடித்தார்: “இந்த மௌனம் தானாக வரவில்லை. என் கையால் மின்சாரத்தை நிறுத்தி, நானே உண்டாக்கினேன்!”

மண்டபமே எழுந்து தட்டியது. பக்கத்தில் உட்கார்ந்தபடியே இருந்த அபிதகுசாம்பாளிடம் நான் வெற்றியோடு திரும்பினேன். “இப்பவாவது நம்புறியாம்மா? கவிதைக்காக ஊரே நின்னுச்சா, இல்லியா?”

அபிதகுசாம்பாள் எழுந்தாள்.

“நின்னுச்சு சார். நாந்தான் நம்பல, ஒத்துக்கறேன். எங்க தறியும் நின்னுச்சு. கலசப்பாக்கத்துப் பொண்ணு வேற யாரோ நெய்ஞ்ச பொடவையில தாலி கட்டிக்கினா. முந்தானை இல்லாத பொடவை வூட்லதான் கெடக்குது. கொண்டாரட்டா சார், கவிஞருக்குப் போத்த?”