ஆடு தின்ற வரைபடம்

அம்மா சொல்வதை அப்படியே கேட்கிற பிள்ளைகளை நகரம் கட்டுகிற வேலையில் சேர்க்கக் கூடாது. என்னைச் சேர்த்துவிட்டார்கள். அது தொண்ணூறுகளின் ஆரம்பம். மயிலாப்பூர் கான்வென்ட் இங்கிலீஷும் இஸ்திரி போட்ட ஒரே முழுக்கைச் சட்டையும்தான் என் தகுதி. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு நகர அமைப்புக் குழுவுக்கு நான் மொழிபெயர்ப்பாளன். (அப்பா தெருவெல்லாம் 'ஃபாரின் வேலை' என்று சொல்லி வைத்திருந்தார். வேலை என்னவோ அடையாற்றங்கரையில்தான்.)

அந்தக் கரையோரக் குடிசைக்காரர்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிடலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. வேண்டாம், அதே இடத்தில் குழாயும் கழிப்பறையும் வைத்து வீடு கட்ட நாங்கள் உதவுகிறோம் என்றது எங்கள் குழு. அதன் தலைவி இங்கிரிட் அம்மையாரும் நம்மூர் அதிகாரிகளும் நேரில் வந்து பார்த்துச் சரி என்றால் வீடு. இல்லையென்றால் லாரி.

காகிதத்தில் இருந்த வரைபடம் அங்கே யாருக்கும் புரியவில்லை. (எனக்கும்தான். தலையை மட்டும் ஆட்டினேன்.) அதனால் பக்கத்துத் திடலில் வீடுகளை நிஜ அளவிலேயே தரையில் வரைந்து காட்டுவது என்று முடிவாயிற்று. கதவு எங்கே, அடுப்பு எங்கே என்று பெண்கள் பல நாள் சண்டை போட்டுத் தீர்மானித்தார்கள். அவர்களுக்குத் தலைமை, பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து விற்கும் செல்வியக்கா. வரைவதற்குச் சுண்ணாம்புப் பொடி வாங்கி வருவது மட்டும் என் பொறுப்பு.

அம்மா விடவில்லை.

"குடித்தனம் பண்ணப்போற ஆத்தை யாராவது சுண்ணாம்புல போடுவாளா? அரிசி மாவுல போடுடா. நாலு எறும்பாவது தின்னுண்டு வாழ்த்தும்."

மில்லில் மூட்டை மூட்டையாக அரைத்துக்கொண்டு போனேன். சாயங்காலத்துக்குள் திடல் முழுக்க வெள்ளைவெளேரென்று வீடுகள். செல்வியக்கா தன் வீட்டுக் கோடுகளுக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை, பார்வையிட வந்த இங்கிரிட்டோடும் அதிகாரிகளோடும் காரில் வந்து இறங்கினேன். எறும்புகள் வாழ்த்தினவா தெரியாது. காக்கையும் கோழியும் பந்தி முடித்துவிட்டிருந்தன. மிச்சமிருந்த ஒரே சமையலறையை ஒரு வெள்ளாடு நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, எங்க வூட்ட ஆடு துன்னுகினு கீது!" என்று செல்வியக்கா கத்தினார்.

"வரைபடம் எங்கே?" என்று இங்கிரிட் கேட்டார். இரண்டு மொழி தெரிந்த நான் விரலை நீட்டி ஆட்டைக் காட்டினேன். ஓர் அதிகாரி திரும்பிப் போகக் கார் கதவைத் திறந்தார்.

செல்வியக்கா மீன்கூடையைத் தரையில் இறக்கினார். "இன்னாத்துக்கு வேடிக்க பாத்துகினு நிக்கிறீங்க? அவங்கவங்க வூட்டாண்ட போய் நில்லுங்க!"

அடுத்து நடந்ததை இப்போது எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. மொத்த ஜனமும் திடலுக்குள் போய்க் கைகோத்துச் சுவராக நின்றது. கைவிட்ட இடமெல்லாம் வாசல். குழாய் வரவேண்டிய இடத்தில் ஆளுக்கொரு குடத்தோடு குழந்தைகள். மாதக்கணக்கில் நான் சுருட்டிச் சுருட்டித் தூக்கித் திரிந்த காகிதம், மூச்சு விட்டுக்கொண்டு எதிரே நின்றது.

இங்கிரிட் மெய்மறந்து நேரே நடந்தார். கோத்திருந்த இரண்டு கைகளுக்கு அடியில் குனிந்து நுழையப் போனார்.

"யம்மா, அது செவுரு! வாசல் இந்தாண்ட கீது!" என்றார் செல்வியக்கா.

மொழிபெயர்த்தேன். அம்மையார் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். சுற்றி வந்து, இல்லாத அந்த வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். கார் கதவைத் திறந்த அதிகாரியும் சற்று யோசித்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றினார்.

வீடுகள் அங்கேயே எழும்பின. செல்வியக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவும் வந்தாள். முதலில் பசுவைத்தானே உள்ளே ஓட்டுவார்கள்? செல்வியக்கா ஒரு வெள்ளாட்டுக்கு மாலை போட்டு இழுத்து வந்தார். அதே ஆடு.

"எங்க வூட்ட மொதல்ல ருசி பாத்தது இதுதான? இதுவே மொதல்ல வரட்டும்."

அம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு ஆட்டின் நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

இன்றும் எங்கள் வீட்டுக்கு யாருடைய கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்தாலும், நாளையும் நேரத்தையும் பார்ப்பதற்கு முன் அம்மா என்னைத்தான் கேட்கிறாள்: "பசுவாடா, ஆடாடா?"