பிரகாசம் இளைப்பாறுகிறார்

"இன்னிக்கு நான் தூங்கியே தீருவேன்!" என்று பிரகாசம் சூளுரைத்தபோது, வெயில் ஜன்னலில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

சேதராப்பட்டு தொழிற்சாலையில் அவருக்கு இரவு ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. ராத்திரி மெஷின் பக்கத்தில் வராமல் இருக்காது. இன்னொரு தடவை தூங்கி வழிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். நேற்று, ஞாயிறு விடுமுறையும் கொட்டக்கொட்ட விழித்தே கழிந்தது.

"மிக்சிய நிறுத்து, செல்வி!"

"அப்ப சட்னி?" என்றாள் மனைவி லூர்துசெல்வி.

"பக்கத்து வீட்டுல போய் அரை."

போனவள் தேங்காயோடு விஷயத்தையும் சேர்த்து அரைத்துவிட்டு, அப்படியே மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். முத்தியால்பேட்டை சும்மா இருக்குமா? காலிங்பெல் ஓயவில்லை.

"தூக்கம் வரலியாமே? பால்ல கசகசா போட்டுக் குடி."

"பாலே ஆவாது. காபிய நிறுத்து."

பெல்லின் ஒயரைப் பிடுங்கினார். கதவு அதிர்ந்தது. வைத்திக்குப்பத்து மீன்காரி அன்னக்கிளி.

"அண்ணே! தூங்கிட்டியான்னு கேக்கத்தான் தட்டுனேன்!"

பிரகாசம் அட்டையும் மார்க்கரும் எடுத்தார். விடிந்தபின் 'தூங்குகிறார்' என்று எழுதினால் தெரு சிரிக்கும். மாதா கோயிலில் ஞாயிறுதோறும் பைபிள் வாசகம் படிக்கிறவர் அல்லவா, கௌரவமான தமிழ் தானாக வந்து விழுந்தது: 'பிரகாசம் அமைதியில் இளைப்பாறுகிறார்.' வாசலில் மாட்டிவிட்டுப் படுத்தார்.

தெரு சட்டென்று அடங்கியது. பைக்குகள்கூட இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போயின. ஆகா, என்ன சுகம்! கண்கள் சொக்கின.

"எங்கூடப் பொறக்காத அண்ணே!" வாசலில் அன்னக்கிளி ஒப்பாரியை எடுத்தாள். "தூங்கிட்டியான்னு கேட்டேனே, இப்படியா தூங்குவே!"

பதறிப்போய்க் கதவைத் திறந்தார். வாசல் கொள்ளாத கூட்டம். பந்தல்காரர் தெருவை அளந்துகொண்டிருந்தார். வெள்ளைப் போர்வையோடு வந்து நின்றவரைக் கண்டதும், எதிர்வீட்டு ஜானகிராமன் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"நான் சாவலய்யா! தூங்கத்தான் பாத்தேன்! தூங்கலன்னா என் வேலையே போயிடும்!" பிரகாசத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் மாலையோடு வந்தான் சேதி கேட்டுத் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்த, உடன் வேலை பார்க்கும் கோபிநாத்.

"உசுரோடதான் இருக்கியாண்ணே? அப்ப ஏன் காலையில வேலைக்கு வரல? திங்கக்கிழமையிலேருந்து உனக்குப் பகல் ஷிப்ட், சரிதானே பிரகாசம்னு சனிக்கிழமை மீட்டிங்ல சூப்பர்வைசர் கேட்டப்ப, எம்பக்கத்துல உக்காந்து தலையத் தலைய ஆட்டுனியே!"